பாங்காக்கில் டுக்டுக் டிரைவர் கூட்டிப்போகும் ‘அசல் தாய்’ ஹோட்டல்: உஷார்

பாங்காக் டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்த பிறகு நம்மூர்க் கூட்டம் அங்கே எக்கச்சக்கம். அந்தக் கூட்டத்தை நம்பியே கடை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

சீலோம் பகுதியில் தமிழர்கள் கட்டிய பழைய மாரியம்மன் கோயில் இருக்கிறது. சாயங்காலம் அங்கே கும்பிட்டுவிட்டு நான், மனைவி, மச்சான் மூவரும் வெளியே வந்தோம். ஒரு டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) டிரைவர், ஆற்றங்கரைக்கு 20 பாட் (தாய்லாந்துப் பணம்) போதும், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் அசல் தாய் (தாய்லாந்து) ஹோட்டலுக்கே கூட்டிப்போகிறேன் என்றார். அந்தத் தூரத்துக்கு 20 பாட் என்பது கட்டுப்படியே ஆகாது. மீதியைக் கடைக்காரர் கமிஷனாகக் கொடுத்துவிடுவார்; அது நம் பில்லில் ஏறும்.

உள்ளே தங்க நிற யானை சிலைகள், சுவரெல்லாம் ‘அசல் தாய் சுவை’ என்று ஆங்கிலத்தில் ஸ்டிக்கர்கள். அத்தனை மேஜையிலும் சுற்றுலாப் பயணிகள்தான், தாய்லாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. சோறு சாப்பிட சாப்ஸ்டிக் வைத்தார்கள். தாய்லாந்தில் சோற்றை ஸ்பூனும் ஃபோர்க்கும் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். சாப்ஸ்டிக் பெரும்பாலும் நூடுல்ஸ் சூப்புக்கு. நூடுல்ஸ் கடை மேஜைகளில் வழக்கமாக இருக்கும் மிளகாய்த்தூள், சர்க்கரை, மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாஸ் அடங்கிய செட்டையும் காணோம்.

சாப்பாடு வந்தது. பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ் செக்கச்செவேல் என்று இருந்தது, வாயில் வைத்தால் தக்காளி கெச்சப். அந்தப் பண்டத்துக்குப் புளிப்பும் இனிப்பும் உப்பும் தருவது புளி, பனைவெல்லம், மீன் சாஸ் மூன்றும்தான். அடுத்து பாட் கப்ராவ், அதாவது கப்ராவ் இலை போட்டு வதக்கும் பண்டம். கப்ராவ் என்பது நம்ம வீட்டு மாடத்தில் வளரும் துளசியின் வகைதான், கொஞ்சம் கிராம்பு வாசத்தோடு இருக்கும். தட்டு தூரத்தில் வரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும். எங்களுக்கு வந்ததில் துளசியே இல்லை. குடைமிளகாயும் கேரட்டும் போட்ட ஏதோ ஒரு சிக்கன் பொரியல். தோம் யாம் சூப்பில் பால் கலந்திருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், தெளிந்த சூப், பால் சேர்த்த சூப் இரண்டுமே அங்கே உண்டு. ஆனால் எலுமிச்சைப் புல், பேரரத்தைத் துண்டு எதுவும் கிண்ணத்தில் தட்டுப்படவில்லை. பாக்கெட் மசாலாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ருசி சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளலாம். பில்தான் விஷயமே. மெனுவில் ஆற்று இறால் 350 பாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் ‘100 கிராமுக்கு’. எங்கள் கண் முன்னால் எடை போடவே இல்லை. 1.1 கிலோ என்று பில்லில் போட்டு இறாலுக்கு மட்டும் 3,850 பாட். மற்ற மூன்று பண்டமும் சேர்த்து 1,150. கேட்காமல் வைத்த தண்ணீர், ஈர டிஷ்யூ 100. அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், 7 சதவீத வரி. மொத்தம் 6,000 பாட்டைத் தாண்டிவிட்டது. மறுநாள் அசோக் பக்கம் டெர்மினல் 21 மாலின் ஃபுட் கோர்ட்டில் 100 பாட்டுக்குள் முட்டைப் பொரியலோடு கப்ராவ் சாப்பிட்டோம். துளசி வாசம் கையைவிட்டுப் போகவில்லை.

அன்று அந்த ஹோட்டலில் பில்லைப் பார்த்ததும் மச்சான் விடவில்லை. சுற்றுலாப் போலீஸ் எண் 1155-ஐ போனில் அடித்து மேனேஜரிடம் காட்டினார். அதுவரை ஆங்கிலமே புரியாத மாதிரி நின்றவருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. தண்ணீர், டிஷ்யூ, சேவைக் கட்டணம் மூன்றையும் அடித்துவிட்டு 5,350-க்குப் புது பில் கொடுத்தார். இறால் விலையில் கைவைக்கவில்லை. மெனுவில் எழுதியிருக்கிறது என்றே நின்றார், அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நீங்கள் போனால், எடைக்கு விற்கும் எதையும் சமைக்கும் முன்பே தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மொத்த விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம், தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல். விலையே போடாத மெனு என்றால் உட்காரவே வேண்டாம்; அங்கே விலையைக் காட்டியே விற்க வேண்டும் என்பது சட்டம், புகாருக்கு வணிக அமைச்சகத்தின் 1569 எண் இருக்கிறது. அப்புறம், சுவரில் ஒட்டிய ‘அசல்’ ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தாய்லாந்து வணிக அமைச்சகம் உணவகங்களுக்குத் தரும் சான்றிதழின் பெயர் ‘தாய் செலக்ட்’. வெளிநாட்டுத் தாய் ஹோட்டல்களுக்கும் அதைத் தருகிறார்கள் என்பதால் இங்கேயும் தேடிப் பார்க்கலாம்.