காது மிஷின்: ஒன்பது மாத அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் அரவை ஆலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தேன். ஷெல்லரும் பாலிஷரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் கைஜாடைதான். 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது ஒரு பஞ்சுத் துண்டுகூட யாரும் கொடுத்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு முழுநேரமும் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும்தான் விஷயம் வெளிப்பட்டது. மனைவி என்ன சொன்னாலும் "சரி சரி" என்பேன். அப்படி ஒரு சரியில் எங்கள் கன்றுக்குட்டி மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டது. அப்புறம்தான் தஞ்சாவூர் கிளம்பினேன்.

சோதனையில் தாழ்ந்த சத்தங்கள் ஓரளவு கேட்டன. உச்சமான சத்தங்கள்தான் போயிருந்தன. அதனால்தான் ஆள் பேசுவது கேட்கும், ஆனால் காசா காதா என்று பிடிபடாது. இரண்டு காதுக்கும் சேர்த்து 42,000 ரூபாய். இடது காது அச்சு சரியாகப் பொருந்தாமல் விசில் அடித்தது; அதைச் சரிசெய்ய இரண்டு முறை பஸ் ஏறினேன். 312 நம்பர் பேட்டரி எனக்கு ஆறேழு நாள் வருகிறது. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு ஈரம் உறிஞ்சும் டப்பா அவசியம். அதைக் கடைக்காரர்கள் சொல்லவே இல்லை, அவர்கள்மேல் எனக்கு இது ஒரு குறை.

முதல் வாரம் எவர்சில்வர் டம்ளரை வைக்கும் சத்தமே மண்டையைப் பிளந்தது. பழகிவிட்டது.

கடையில் உருப்படியான காரியம் செய்தது அங்கே சோதனை பார்த்த பெண். என் மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது. "அம்மா, அடுப்படியிலிருந்து கத்தாதீங்க, முகம் தெரிய நின்னு பேசுங்க." என்னிடம், "ஐயா, அவங்க முடிக்கிறவரைக்கும் பொறுத்து, என்ன சொன்னாங்கன்னு திருப்பிச் சொல்லுங்க." காசு கொடுத்து வாங்கியதில் இதுதான் பெரிய கஷ்டம். மிஷினை மாட்டினால் போதும், வாயை மூட யார் சொல்லித்தருவார்கள்?

ஒருநாள், "முழங்கால் வலிக்குதுங்க" என்றாள். பழைய ஆளாக இருந்தால் "தைலம் தடவு" என்று அங்கேயே முடித்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "இந்த வருஷம் தெப்பத்துக்கு அவ்வளவு தூரம் தனியா எப்படிப் போறது?" என்று வந்தது. ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று நான் ஒரு ஆனித் தெப்பத்துக்கும் அவளோடு போனதில்லை. "கால் வலின்னு சொல்லலை, நானும் வரணும்ங்கிற, அதானே?" என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது.

மிஷினுக்கு ஐந்துக்கு மூன்று, அந்தப் பெண்ணுக்கு ஐந்து.

இன்னொன்று, கூட்டத்தில் இது சரிப்படாது. தெப்பம் நடக்கும் ஹரித்ரா நதிக் குளக்கரையில் மேளம், பலூன்காரன், பிள்ளைகள் அழுகை எல்லாம் ஒரே அளவில் வந்து விழுந்தன. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தெப்பத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். "என்ன?" என்றாள். "சொல்லு" என்றேன்.