உயர் நீதிமன்றக் கோபுரத்திலிருந்து பழைய மெட்ராஸ்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

மயிலாப்பூரில் பழைய நகரக் காட்சிகளை அச்சிட்டு விற்கும் சிறிய கடையொன்றில் கிடைக்கும் இந்த மூன்றடி அகலப் படம், உயர் நீதிமன்றத்தின் கலங்கரை விளக்கக் கோபுரத்திலிருந்து மேற்கும் வடமேற்குமாகப் பார்த்து எடுக்கப்பட்டது. இடப்பக்கம் சட்டக் கல்லூரியின் கோபுரங்கள். நடுவில் சாய்வாக ஓடுவது அன்று எஸ்பிளனேடு என்றும் இன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை என்றும் வழங்கும் தெரு. அதற்கு அப்பால், படத்தின் பாதிக்கு மேல், 1906இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றப்பட்ட கருப்பர் நகரத்தின் மொட்டை மாடிகள். சட்டம் (ஃபிரேம்) போடாமல் 3,800 ரூபாய். அந்த விலைக்குப் படம் தகும்; கடைக்காரர் அதைக் கையாண்டிருக்கும் விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் மாட்டியிருக்கும் பிரதியின் கீழே ‘மெட்ராஸ், 1870’ என்று அழகான எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது நடக்கவே முடியாத காரியம். உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டதே 1892இல்தான். அதன் உச்சியில் 1894இல் ஏற்றப்பட்ட விளக்கு, 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை எரிந்தது. படத்தில் முழுமையாக எழுந்து நிற்கும் சட்டக் கல்லூரி 1899இல் கட்டி முடிக்கப்பட்டது. சாலையோரம் வரிசையாகத் தெரியும் கம்பங்கள், 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமுக்கானவை. ஆகவே இது இருபதாம் நூற்றாண்டின் வாசலில் நிற்கும் மெட்ராஸ். 1871 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்தை எட்டாமலிருந்து, 1901 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைத் தாண்டிய ஊர். பழமை கூடினால் விலையும் கூடும் என்ற கணக்கில் முப்பது ஆண்டுகளை முன்னே தள்ளிவிட்டார்களோ என்னவோ.

இதைவிடப் பெரிய குறை, வெட்டு. கேட்டபோது முழுப் படத்தைக் கணினியில் காட்டினார்கள். அதன் கீழ்விளிம்பில் கோபுரத்தின் கைப்பிடிச் சுவரும், அதற்குக் கீழே நீதிமன்றத்தின் சிறு குவிமாடங்கள் இரண்டும் இருக்கின்றன. விற்பனைப் பிரதியில் அந்தப் பகுதியைச் சுவருக்கு ‘நீட்டாக’ இருக்கட்டும் என்று நறுக்கியிருக்கிறார்கள். அதனால் பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதே தெரியாமல் போகிறது; அடிக்குறிப்பின் ஆண்டு தவறு என்பதற்கான முதல் சாட்சியும் அந்தக் குவிமாடங்களோடு போய்விட்டது. முழுப் படத்தை அச்சிட்டுத் தருமாறு கேட்டால் 600 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு தருகிறார்கள். தயங்காமல் கேட்டு வாங்குங்கள். செயற்கையாக ஏற்றிய பழுப்பு நிறத்தையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லலாம். அந்தப் பழுப்பு, நிழலில் இருக்கும் தெருக்களையெல்லாம் சேறாக்கிவிடுகிறது.

பழுப்பில்லாத முழுப் பிரதி கைக்கு வந்ததும் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வலது பாதிக்குச் செல்லுங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையிட்டு, மேலே தட்டை ஓடு பதிக்கும் மெட்ராஸ் டெரஸ் தளங்கள் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. வீட்டுக்கு வீடு இடைவெளியே இல்லை. காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வர ஒரே வழியான முற்றங்கள் மட்டும் தளங்களுக்கு நடுவே கறுத்த சதுரங்களாகத் தெரிகின்றன. ஒரு மாடியில் கொடியில் காயும் புடவையின் மேல்விளிம்பு கூர்மையாகவும், காற்றில் ஆடிய கீழ்ப்பகுதி புகைபோலவும் பதிவாகியிருக்கிறது. தெருவில் அவிழ்த்து நிறுத்திய மாட்டு வண்டியின் சக்கர ஆரங்களை எண்ண முடிகிறது. நகர்ந்துகொண்டிருந்த வண்டியோ வெறும் கோடாக இருக்கிறது. சாலையை ஒட்டி, கிரேக்கக் கோயிலைப் பார்த்துக் கட்டிய பச்சையப்பன் மண்டபத்தின் தூண்கள் மாலை வெயிலில் தனித்துத் தெரிகின்றன. 1850இல் திறக்கப்பட்ட அந்த மண்டபத்துக்கு இந்தப் படத்தின் காலத்திலேயே அரை நூற்றாண்டு வயது.

நெரிசலான அந்தப் பாதிக்கும், மரங்களும் வெற்றிடமுமாகக் கிடக்கும் இடது பாதிக்கும் உள்ள வேறுபாடு தற்செயலானதல்ல. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களுக்குப் பின், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்று, கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தை (படத்தில் தெரிவது அதற்கு வடக்கே வளர்ந்த புதிய கருப்பர் நகரம்) தரைமட்டமாக்கி வெளியாக்கினார்கள். அந்த எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கிறது. உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் எழுந்தது அந்த வெளியில்தான். இதைப் பற்றி அடிக்குறிப்பில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

அச்சுத் தரத்தில் பெரிய குறையில்லை. தாள் பளபளப்பில்லாத பருத்தித் தாள். கறுப்பு ஆழமாக விழுந்திருக்கிறது. கோபுர முனைகளைச் சுற்றி மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. கணினியில் கூர்மையை அளவுக்கு மீறி ஏற்றியதன் விளைவு இது. இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. சட்டத்தை அந்தக் கடையிலேயே போட வேண்டாம். அவர்கள் கண்ணாடியைத் தாளின்மேல் நேராகப் படிய வைக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அப்படி வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும், தாளும் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வேறு இடத்தில், நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்துப் போடச் சொல்லுங்கள்.