சிங்கிக்கு ஒரு ஆப்: மூன்று மாதம் காசு கட்டிப் பார்த்தாச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் எழுத்து பெரிதாகத் தமிழில் இருப்பதற்கும், டவர் கிடைக்காத இடத்திலும் படம் திறப்பதற்கும்தான். பேர் சொல்லவில்லை, உவரி, இடிந்தகரைப் பக்கம் இருப்பவர்களுக்கு விளம்பரம் வந்திருக்கும்.

செயற்கைக்கோள் பார்த்து சிங்கி இறால் (லாப்ஸ்டர்) கிடக்கும் இடத்தைச் சொல்லுமாம். மாதம் 299 ரூபாய். சித்தப்பா வள்ளத்தில் நான்தான் படித்தவன் என்பதால் போன் என் கையில், திட்டும் எனக்கே.

முதல் நாள் காட்டிய சிவப்புப் புள்ளி கரையிலிருந்து 11 கிலோமீட்டர். சிங்கி ராத்திரிதான் பொந்தை விட்டு வெளியே வரும் என்பதால் சாயங்காலமே போய் வலை விட்டோம், விடியக்காலம் இழுத்தால் நண்டு, நாலு சங்கு, ஒரு பெரிய கிழிசல். சிங்கி ஒன்றே ஒன்று. கையில் தூக்கும்போதே தெரிந்தது, 200 கிராம் தேறாது. திருப்பிப் பார்த்தால் வாலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருக்கிறது. இந்த ரகத்தில் 200 கிராமுக்குக் கீழே உள்ளதும் முட்டைச் சிங்கியும் ஏற்றுமதிக்குக் கூடாது என்று 2003-லேயே மத்திய அரசு ஆணை போட்டாச்சு. சித்தப்பா ஒன்றும் பேசாமல் அதைத் தண்ணீரில் விட்டார். அப்புறம்தான் பேசினார்.

“ஏல, மேல இருந்து பாத்தா வீட்டுக் கூரைதாம்ல தெரியும். அடுப்புல என்ன கொதிக்குன்னு தெரியுமா?”

விஷயமே அதுதான். வெப்பம் அளக்கும் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் இல்லை. நிறத்தைப் பார்த்துப் பாசி அளவைச் சொல்லும் கருவியும் மேல்தண்ணீரோடு சரி, மேகம் மூடினால் அதுவும் இல்லை. சிங்கியோ அடியில், பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில், கல் இடுக்கில் மீசையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். எங்களைக் கூட்டிக்கொண்டு போன புள்ளிக்குக் கீழே பாரே கிடையாது, வெறும் மணல்.

செயற்கைக்கோளையே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம், வெப்பமும் பாசியும் சட்டென்று மாறும் இடங்களைப் பார்த்து, மீன் கூடக்கூடிய பகுதி என்று தமிழிலேயே இலவசமாக அறிவிப்பு கொடுக்கிறது. எந்தக் கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் அதில் இருக்கும். சாளை, சூரை மாதிரி மேலே கூட்டமாக ஓடும் மீனுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், பாசி இருக்கும் இடத்துக்குச் சின்ன மீன் வரும், அதன் பின்னால் பெரியது வரும். இந்த ஆப்காரர்கள் அதே மாதிரிப் படத்தை எடுத்து மேலே சிங்கி பொம்மையை ஒட்டிவிட்டார்கள் என்பது என் சந்தேகம். இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்த்தேன், புள்ளிகள் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருந்தன.

சிங்கியை முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்றும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கரைக்கு வந்து ஒட்டும் குஞ்சுகளைப் பல வருஷமாக எண்ணி, மூன்று நான்கு வருஷம் கழித்து எவ்வளவு சிங்கி பிடிபடும் என்று கணிக்கிறார்கள். குஞ்சு கண்ணாடித்தாள் மாதிரி மாதக்கணக்கில் கடலில் மிதந்து வருவதால் நீரோட்டமும் சூடும் அதில் பெரிய விஷயம், அங்கே செயற்கைக்கோளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது வருஷக் கணக்கு. நாளைக்கு எங்கே வலை விடலாம் என்பதற்கு அது பதில் இல்லை.

சித்தப்பா பாருக்குப் போவது கணியம் பார்த்துத்தான். கோயில் கோபுரமும் மேற்கே மலை உச்சியும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், பக்கவாட்டில் இன்னொரு ஜோடியும் சேர வேண்டும். இப்போது அந்த ஜோடிகளில் ஒன்றில் கூடங்குளம் உலையின் குவிமாடம்! அந்த இடங்களை ஒவ்வொன்றாக ஜிபிஎஸ்ஸில் குறித்துவைத்தேன். போனை வைத்துச் செய்த உருப்படியான வேலை இந்த மூன்று மாதத்தில் அது ஒன்றுதான், அதற்கு ஆப் தேவைப்படவில்லை.

அலை உயரமும் காற்றும் இன்காய்ஸிலேயே வருகிறது. வலையைக் கடலில் விட்டுவிட்டு ராத்திரி தூங்க வேண்டுமானால் அதைப் பாருங்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று: சந்தாவை நிறுத்தும் பொத்தான் எங்கேயும் இல்லை. நான் பேங்குக்குப் போய்த்தான் நிறுத்தினேன், அதற்குள் நாலாவது மாதக் காசும் போய்விட்டது.