பச்சை லேசருக்குக் கண்ணாடி: சாயமா, பூச்சா, திரவப் படிகமா?

போன மாதம் பாம்பன் கரையிலிருந்து எவனோ ஒரு பொடியன் அடித்த பச்சை லேசர் எங்கள் விசைப்படகு டிரைவர் கண்ணில் பட்டது. பாதிப்பில்லை. ஆனால் சில நொடிகளுக்கு, படகுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. அதன்பின் கண்ணாடி தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆரஞ்சு சாயக் கண்ணாடி. 532 நானோமீட்டர் (பச்சை லேசரின் அலைநீளம்) பச்சையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், எந்தக் கோணத்தில் வந்தாலும். விலையும் குறைவு. இரவில் போட்டுப் பார்த்த டிரைவர், "அண்ணே, எதிர்ப் படகுல சிவப்பு தெரியுது, பச்சையக் காணோம்" என்றார். நேராக வரும் படகின் இரண்டு விளக்கும் (இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை) தெரிய வேண்டும். சிவப்பு மட்டும் தெரிந்தால் குறுக்கே போகிறது என்று நினைத்துவிடுவோம். லேசரைவிட அதுதான் ஆபத்து.

பல அடுக்குப் பூச்சுக் கண்ணாடி குறுகிய பட்டையை மட்டும் திருப்பி அனுப்பும். ஆனால் வளைந்த கண்ணாடியில் சீராகப் பூசுவது சிரமம்.

திரவப் படிகப் படலம்தான் சுவாரசியம். திரவம் போல நெகிழ்ந்தாலும் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் பொருள் அது. கொலஸ்டெரிக் வகையில் மூலக்கூறுகள் கலங்கரை விளக்கத்தின் சுழல் படிக்கட்டு போல அடுக்கடுக்காகத் திரும்பி நிற்கும். ஒரு முழுச் சுற்று சுமார் 343 நானோமீட்டர் என்றால் 532 பச்சை திரும்பிப் போகும், மற்ற நிறங்கள் உள்ளே வரும். ஆனால் வலச்சுழல் படலம் அந்தப் பச்சையில் வலமாகச் சுழலும் பாதியைத்தான் தடுக்கும். இடச்சுழல் ஒன்றையும் சேர்த்து ஒட்டினால்தான் முழுப் பயன். ஒற்றைப் படலத்தை விற்க வந்தால் வாங்காதீர்கள். பாலிமராக (பிளாஸ்டிக் போல) இறுக்கிய படலத்தில், நம்ம ஊர் வெயிலுக்குத் தடுக்கும் நிறம் அவ்வளவாக நகராது.

505 நானோமீட்டரை ஒட்டிய படகுப் பச்சை விளக்கு இதில் தப்பிவிடும். 520ஐ ஒட்டியது மங்கும். சரி, கோணம்? 30 டிகிரி சாய்வாக வந்தால் தடுக்கும் பட்டை சுமார் 503க்கு நகர்ந்துவிடும். லேசர் உள்ளே வரும், படகு விளக்கு வெளியே நிற்கும்! பூச்சுக் கண்ணாடிக்கும் இதே நோய் உண்டு.

மின்சாரத்தால் கறுக்கும் திரவப் படிகம், வெல்டிங் முகமூடியில் இருப்பது போன்றது, நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) துடிப்பு லேசர் வரும்போது விழித்துக்கொள்வதற்குள் ஒளி கண்ணுக்குள் போயிருக்கும்.

ஆரஞ்சுக் கண்ணாடி இப்போது என் பட்டறை மேசையில். அங்கே பச்சை லேசர் வைத்து வேலை செய்ய அதுவே போதும். படகில், ஒளி வரும் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.