மூன்றடுக்கு மண்புழு உரத்தொட்டி: எட்டு மாத அனுபவம்

அடுக்களைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. "புழுவை எல்லாம் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைப்பியா?" என்று அம்மா கேட்டார். வைத்தேன். எட்டு மாதமாகப் பின்வாசல் நிழலில் இருக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுகள், அடியில் நீர் வடியும் தொட்டி, அதில் ஒரு குழாய். கீழ்த்தட்டில் தீனி தீர்ந்ததும் புழுக்கள் ஓட்டை வழியாக மேல்தட்டுக்கு ஏறிவிடும், நாம் கீழ்த்தட்டை உருவிக்கொள்ளலாம். சொன்னபடியே நடக்கிறது. முதல் தட்டு உரமாக நான்கு மாதம் ஆனது. கையில் எடுத்தால் மழை பெய்த மண்ணின் வாசம்தான், துளி நாற்றம் கிடையாது.

குழாய் மட்டும் மோசம். அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, குச்சி விட்டுக் குத்த வேண்டியிருக்கிறது. இதில் அலட்சியம் கூடாது. மண்புழு தோலால் மூச்சு விடுகிற உயிர். தோலில் ஈரம் வேண்டும், ஆனால் தேங்கிக் கெட்டுப்போன தண்ணீரில் விழுந்தால் காற்றில்லாமல் செத்துப்போகும்.

என் பெரிய குறை கூடவே வந்த கையேட்டின் மேல். மண்புழு தவிர வேறு எந்தப் பூச்சியைக் கண்டாலும் உடனே அகற்றச் சொல்கிறது. நம்பினேன். மூன்றாம் மாதம் மூடியைத் திறந்தால், சாம்பலும் பழுப்புமாகப் பட்டை பட்டையான தடித்த புழுக்கள் நெளிகின்றன. உடம்பே கூசியது. கையுறை மாட்டி 40க்கு மேல் பொறுக்கிக் கொதிநீரில் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ கடிக்காது, நம் சாப்பாட்டை மொய்க்காது. அதன் புழுக்கள் மேயும் கழிவில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறையும். மண்புழுவின் தீனியில் பங்கு கேட்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் நான் ஈரக் கழிவை அளவுக்கு மீறிக் கொட்டியதால்தான் அவை வந்தன. கொன்றதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

கழிவைத் தின்னும் பூச்சிகள் நமக்கு உதவியும் செய்யும். ஆஸ்திரேலியாவில் மாட்டுச் சாணத்தைப் புதைக்க அங்கிருந்த வண்டுகளால் முடியாமல் மேய்ச்சல் நிலமெல்லாம் ஈ பெருகியது. அந்தச் சாணத்தைப் புதைத்து ஈயைக் குறைக்க, 1960களின் இறுதியிலிருந்து வெளிநாட்டுச் சாணவண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்படி ஒரு பத்தியைக் கையேட்டில் போட்டிருந்தால் என் கை அந்தக் கொதிநீருக்குப் போயிருக்காது.

இப்போது எதையும் பொறுக்குவதில்லை. ஒரு தர்பூசணித் தோலைத் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். முதலில் வெள்ளைப் பூஞ்சை பஞ்சு மாதிரி படர்ந்தது. அதை மேய, தொட்டால் துள்ளுகிற வெள்ளைப் பொடிப்பூச்சிகள் வந்தன. தோல் கொழகொழவென்று இளகியபின்தான் மண்புழுக்கள் அடியில் கொத்தாகக் கூடின. பல் இல்லாத வாய், முன்னவர்கள் மென்மையாக்கிக் கொடுத்தால்தான் உண்டு. காதை அருகே வைத்தால் ஈரமாக ஒரு சரசரப்பு கேட்கிறது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளை மேலே மூடுங்கள், ஈரம் மட்டுப்படும். கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, எலுமிச்சை வடிவில் மஞ்சள் மணிகள் தென்பட்டால் தூக்கிப் போடாதீர்கள், அவை மண்புழுவின் முட்டைக்கூடுகள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று குழாய்க்காக அல்ல, கையேட்டுக்காக. அதைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன்.