நாய்க்குச் சாப்பாட்டு மேடை செய்யப் போய் 4,500 போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. நேற்று இரவு மேடை சரிந்தது. இன்று மதியம் அதை விற்றவர்களுடைய கடைசிப் பதில் வந்தது. முழுசாக 4,500 போய்விட்டது.

எங்கள் நாய் மணி, கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இனம். ஏழு வயது, தோள் உயரம் 80 செ.மீ. தரையில் இருக்கும் கிண்ணத்தை எட்ட முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு சாப்பிடுவான், பார்க்கவே பாவமாக இருக்கும். சரி, நாமே ஒரு மேடை செய்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் டிரில் இருக்கிறது, கிண்ணம் உட்கார வட்டமாகத் துளை வெட்டத்தான் கருவி இல்லை. அதனால் வெட்டிய பலகை, கால்கள், திருகுகள், இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பும் ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் போனேன்.

எந்த இடத்தில் விழுந்தேன் என்று இப்போது தெரிகிறது. பணம் கட்டும் முன்பே சாட்டில் வந்து, "நாயை நிற்க வைத்து அளந்து சொல்லுங்க சார், அதுக்கேத்த மாதிரி வெட்டித் தர்றோம்" என்றார்கள். பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள். இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பி 4,500-ஐயும் முன்பணமாகவே அனுப்பினேன். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது, கெட்டி மரம்" என்று எழுதியே தந்தார்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

வந்தது மரமே இல்லை. பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் ஒட்டி அழுத்திய பலகை, அதன் மேல் மர ரேகை அச்சடித்த தாள். டிரில் வைத்ததும் தூளாகக் கொட்டியது. அன்றே கேட்டேன். "மாட்டிப் பாருங்க, உறுதியா நிற்கும்" என்றார்கள். மாட்டினேன். பெரிய நாய் தண்ணீர் குடித்தால் நாலாபக்கமும் சிந்தும். ஒன்பதாம் நாள் துளையின் விளிம்பு ஊறி உப்பி, கிண்ணம் சரியாக உட்காரவில்லை. நேற்று இரவு ஒரு காலின் திருகு பிடுங்கிக்கொள்ள, மூன்று லிட்டர் தண்ணீரோடு எல்லாம் மணியின் கால் மேல் சாய்ந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலையிலிருந்து கிண்ணத்தின் பக்கம் வரவே பயப்படுகிறான்.

முதலில் "திருகை அதிகமா முறுக்கிட்டீங்க" என்றார்கள். பிறகு "ஈரம் பட்டதுக்கு நாங்க பொறுப்பில்லை." மேலதிகாரி பேசுவார் என்றார்கள், யாரும் பேசவில்லை. கடைசியில் வந்த பதில் இது: "உங்க நாயோட அளவுக்குன்னே வெட்டினது சார், தனி அளவில் செய்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்." எந்த அளவைக் கேட்டதால் நம்பினேனோ, அதையே காட்டி 4,500-ஐத் தர மறுக்கிறார்கள்.

பணத்தைவிட இன்னொன்றுதான் எனக்கு ஆறவே இல்லை. உயரத்தில் வைத்துக் கொடுத்தால் நாய்க்கு வயிறு உப்பி உள்ளேயே முறுக்கிக்கொள்ளும் நோய் வராது என்று அவர்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இன்று காலை மணியின் காலைக் காட்டப் போனபோது கால்நடை மருத்துவர் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது நேர் எதிர். பெரிய இன நாய்களுக்கு உயர்த்திய கிண்ணத்தால் அந்த ஆபத்து கூடுவதாகவே தெரிந்ததாம். கழுத்து வலியோ மூட்டு வாதமோ உள்ள நாய்க்கு உயரம் உதவலாம், அது வேறு விஷயம். உயிர் போகும் நோயைக் காட்டிப் பயமுறுத்திப் பலகை விற்றிருக்கிறார்கள்.

சரியான மேடை செய்வது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பலகையின் வெட்டுமுனையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தூள் பலகை அங்கேயே தெரிந்துவிடும். தனி அளவு என்றால் திரும்ப எடுப்பார்களா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மேடை வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள். நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் சும்மா ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.