கூடைப்பந்து டீசர் பந்தயம்: நான்கு புள்ளிகளுக்குக் கொடுக்கும் விலை

விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக் கூடாது என்றிருந்த கூட்டாட்சிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் செல்லாததாக்கிய பிறகு, நெவாடா சூதாட்ட அரங்குகளில் மட்டும் பழக்கமாயிருந்த பல பந்தய வகைகள் இன்று பல மாநிலங்களில் கைபேசிச் செயலிகளில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று டீசர்: வெற்றி வித்தியாசத்துக்கு வகுத்த கோட்டைப் பந்தயம் வைப்பவருக்குச் சாதகமாகச் சில புள்ளிகள் நகர்த்தித் தரும் பந்தயம். அதை, என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களுக்கு வாங்கத் தகுந்ததா என்ற கேள்வியோடு இங்கே மதிப்பிடுகிறேன்.

வலுவான அணி 7.5 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்று பந்தய நிறுவனம் கோடு வகுத்திருந்தால், டீசரில் அந்தக் கோடு 3.5 ஆகக் குறையும்; பலவீனமானது என்பதால் 3.5 புள்ளிகள் சலுகை பெற்ற வேறொரு அணிக்கு அது 7.5 ஆக உயரும். இந்த நான்கு புள்ளித் தளர்வுக்கு ஈடாக இரண்டு ஆட்டங்களையாவது ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் முழுப் பணமும் போய்விடும். பரவலாகக் காணப்படும் விலை, 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டுவது. தளர்வை 5 புள்ளிகளாக்கினால் 130 டாலர் வரை கேட்கிறார்கள்.

விலையைச் சோதிப்பது கடினமன்று. 110 கட்டி 100 வெல்பவர் நட்டமில்லாமல் இருக்க, நூற்றுக்கு 52.4 முறை வெல்ல வேண்டும். இரண்டு ஆட்டங்களும் சேர்ந்தே பலிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறக்குறைய 72.4 விழுக்காடு பலிக்க வேண்டும். என்பிஏ முடிவுகளோ நிறுவனம் வகுத்த கோட்டிலிருந்து சுமார் 12 புள்ளித் திட்ட விலக்கத்தோடு (முடிவுகள் வழக்கமாக எவ்வளவு தள்ளிப் போகும் என்பதன் அளவு) சிதறுகின்றன. அந்தச் சிதறலில் நான்கு புள்ளிகள், 50 விழுக்காட்டு வாய்ப்பை 63 அளவுக்கே உயர்த்தும். இரண்டும் சேர்ந்து பலிக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு மட்டுமே. ஆக, கட்டும் ஒவ்வொரு 100 டாலரிலும் சராசரியாக 24 டாலர் கரைகிறது. அதே விலையில் ஒரே ஆட்டத்துக்கு வைக்கும் சாதாரணப் பந்தயத்தில் கரைவது ஐந்து டாலருக்கும் குறைவு.

டீசருக்கு நற்பெயர் தேடித் தந்தது அமெரிக்கக் கால்பந்து. அங்கே ஏறக்குறைய ஏழில் ஓர் ஆட்டம் சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. 7-உம் அடிக்கடி வரும். கோட்டை இந்த இரு எண்களையும் தாண்டி நகர்த்தும் 6 புள்ளி டீசருக்கு, விலை சரியாக இருந்தால், உண்மையான மதிப்பு உண்டு. கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்திலேயே இரு அணிகளும் சேர்ந்து 200 புள்ளிகளுக்கு மேல் குவிப்பதாலும், பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து வித்தியாசத்தைக் குலைத்துவிடுவதாலும், அப்படிப்பட்ட எண் எதுவும் உருவாவதில்லை. ஆகவே கால்பந்தில் கற்ற பாடத்தை இங்கே கொண்டுவருவது பெரிய தவறு என்றே கருதுகிறேன், புதிதாகப் பந்தயம் வைப்பவர்களிடம் இந்த எண்ணம் எளிதில் ஒட்டிக்கொள்வது கவலையளிக்கிறது.

மூன்று ஆட்டங்களைச் சேர்ப்பதில் தொகை பெருகினாலும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேவையான வாய்ப்பு ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கிறது. ஆட்டம் சரியாகக் கோட்டிலேயே முடிந்தால் என்ன நடக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்: சிலர் பந்தயத்தையே ரத்து செய்து பணத்தைத் திருப்புவர், சிலர் அதைத் தோல்வியாகவே எண்ணுவர். விதிகளைப் படிக்காமல் முழு எண்ணில் முடியும் கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒரே இரவில் இரண்டு ஆட்டங்களைப் பின்தொடர விரும்பும் ரசிகருக்கு என் பரிந்துரை, அதே தொகையை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பந்தயமாக வைப்பதே.